குரிடிபாவில் குடித்தனம்: பிரேசிலில் குறைந்த செலவில் தங்கி வேலை பார்க்க

பிரேசிலின் தென்பகுதியில், பரானா மாநிலத்தின் தலைநகரான குரிடிபாவில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றுக்கு இரண்டு விலை உண்டு. நகரின் மையப் பகுதியில் 40 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 430 சதுர அடி வீட்டை ஏர்பிஎன்பியில் மாதக்கணக்கில் எடுத்தால் 3,500 முதல் 5,000 ரியல் வரை ஆகும். அதே கட்டடத்தில் உள்ளூர் வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடியேறினால் வாடகை, பராமரிப்பு, வீட்டுவரி எல்லாம் சேர்த்து 2,200 முதல் 2,900 ரியலுக்குள் முடியும். இவை 2025ஆம் ஆண்டை ஒட்டிய உத்தேச விலைகள். டாலருக்கு ஐந்தரை ரியல், ரியலுக்கு 16 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இனி வரும் கணக்குகள் ஒத்துப்போகும்.

சாப்பாடு, செல்போன், பணம் அனுப்புவது என்று எல்லாவற்றிலும் இந்த இரட்டை விலை தொடர்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவருக்குப் பிரேசில் மலிவான நாடா என்று கேட்டால், வெளியாள் விலையிலிருந்து உள்ளூர் விலைக்கு எத்தனை மாதத்தில் மாறுகிறார் என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். பேரம் பேசத் தெரிந்திருப்பது அதற்குப் பெரிதாக உதவாது. சில காகிதங்களைச் சரியான வரிசையில் வாங்கத் தெரிய வேண்டும்.

ஏன் குரிடிபா

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முதலில் தேடுவது கடற்கரை நகரங்களைத்தான். தெற்கே உள்ள ஃப்ளோரியானோபொலிஸ் அவற்றில் பிரபலமானது. அங்கே டிசம்பரிலிருந்து கார்னிவல் முடியும்வரை சீசன். கடற்கரையை ஒட்டிய பல வீடுகள் 'மார்ச் முதல் நவம்பர் வரை' என்றே விளம்பரமாகும். ஒன்பது மாதம் நியாயமான வாடகை, பிறகு மூன்று மாதம் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அந்த மூன்று மாதத்துக்கு வேறு இடம் தேடும் செலவைச் சேர்த்தால் மலிவு காணாமல் போய்விடும்.

குரிடிபாவில் கடலும் கிடையாது, சீசனும் கிடையாது. சுமார் 18 லட்சம் பேர் வாழும் நகரம். வாடகை ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். 1974இல் தொடங்கிய தனித்தடப் பேருந்துத் திட்டம் நகரின் முதுகெலும்பு. சிவப்பு நிற இரட்டை இணைப்புப் பேருந்துகள் தனிப் பாதையில் ஓடுகின்றன. கண்ணாடிக் குழாய் போன்ற நிலையத்துக்குள் நுழையும்போதே கட்டணம் செலுத்திவிட வேண்டும். ஒரு பயணத்துக்கு 6 ரியல். முனையங்களுக்குள் வண்டி மாறினால் கூடுதல் கட்டணம் இல்லை. சிவப்புப் பேருந்துத் தடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு அமைந்தால் கார் தேவைப்படாது. பட்டேல் பகுதி பணக்காரர்களுடையது, அதை விட்டுவிடலாம். ஆக்வா வெர்டே, கிரிஸ்டோ ஹேய், ரெபோசஸ், போர்டாவ் ஆகிய பகுதிகளில் விலையும் வசதியும் ஓரளவு பொருந்தி வரும். மையப் பகுதியான சென்ட்ரோவில் வாடகை இன்னும் குறைவு. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் அதன் சில தெருக்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. வீட்டைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கக் கூடாது.

நேர வித்தியாசத்தையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். பிரேசில் 2019இல் கோடைகால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டது. எனவே இந்தியாவுக்கும் குரிடிபாவுக்கும் ஆண்டு முழுக்க எட்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில் காலை ஒன்பது என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. இந்திய அலுவலக நேரத்தில் கூட்டங்களுக்கு வந்தாக வேண்டியவர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது. நியூயார்க் அணியுடன் வேலை என்றால் ஒன்றிரண்டு மணி நேரம்தான் இடைவெளி.

விசாவும் பதினோரு இலக்க எண்ணும்

தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கான தற்காலிக விசாவைப் பிரேசிலின் தேசியக் குடிவரவு மன்றம் 2021 செப்டம்பரில் 45ஆம் எண் தீர்மானத்தின் மூலம் உருவாக்கியது. 2022 ஜனவரியில் அது அரசிதழில் வெளியானது. வேலை கொடுப்பவர் பிரேசிலுக்கு வெளியே இருக்க வேண்டும். மாதம் 1,500 டாலர் வருமானம் அல்லது வங்கியில் 18,000 டாலர் இருப்பு காட்ட வேண்டும். பிரேசிலில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடும் காவல்துறைச் சான்றும் தேவை. முதலில் ஓராண்டு, பிறகு இன்னோர் ஆண்டு நீட்டிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கும் விசா வேண்டும் என்பதால், எப்படியும் தூதரகம் போகும் அலைச்சல் உண்டு. அந்த அலைச்சலை இந்த விசாவுக்கே செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். சுற்றுலா விசாவில் இருப்பவருக்குக் குடியிருப்பு அட்டை கிடைக்காது. அந்த அட்டை இல்லாமல் உள்ளூர் வங்கிக் கணக்கு திறப்பது பெரும்பாடு.

இந்தியக் காவல்துறைச் சான்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட வேண்டும். பிரேசில் 2016 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் கையோடு வாங்கிவிடுவது நல்லது. காரணம் கீழே வருகிறது. பிரேசிலுக்குள் இந்தக் காகிதங்களைக் காட்டும்போது அரசு பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரின் போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அவர்கள் பக்கக் கணக்கில் வாங்குவதால், தேவையில்லாத பக்கங்களைக் கொடுத்து வீண்செலவு செய்ய வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை இந்தியாவிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். பிரேசிலிலிருந்து திரும்பும்போது அந்த அட்டையைக் காட்டாதவர்களை இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும்.

அடுத்தது சி.பி.எஃப். வரித்துறை தரும் இந்தப் பதினோரு இலக்க எண் இல்லாமல் பிரேசிலில் மூச்சு விடலாம், மற்ற எதுவும் சிரமம். சிம் கார்டு, இணைய இணைப்பு, வாடகை ஒப்பந்தம், ஆன்லைன் கடை, மருந்துக்கடைத் தள்ளுபடி என எங்கும் முதல் கேள்வி அதுதான். குடியிருப்பு உரிமை இல்லாதவர்களும் இதைப் பெறலாம். தூதரகம் வழியாக விண்ணப்பித்து, விமானம் ஏறும் முன்பே எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது: இனிஷியல். பிரேசிலின் படிவங்களுக்குப் பெயரும் குடும்பப் பெயரும் வேண்டும், கூடவே தாயின் முழுப்பெயரும். இங்கே பிறந்த தேதிக்கு அடுத்தபடியாக ஆளை உறுதிசெய்ய எல்லோரும் கேட்பது தாயின் பெயரைத்தான். பாஸ்போர்ட்டில் முருகன் சண்முகம் என்று விரிவாக இருந்து, சி.பி.எஃப். படிவத்தில் எஸ். முருகன் என்று போட்டுவிட்டால், பிறகு வங்கிச் செயலி இரண்டும் ஒரே ஆள் என்று ஏற்காது. திருத்தம் செய்ய வரித்துறை அலுவலகத்துக்கு அலைய வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே, அதே வரிசையில் எல்லாப் படிவங்களிலும் எழுத வேண்டும். பெற்றோர் பெயரை மத்தியக் காவல்துறையும் கேட்கும். பாஸ்போர்ட்டில் அது அச்சாகியிராவிட்டால் பிறப்புச் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

விசாவோடு நாட்டுக்குள் நுழைந்த 90 நாளுக்குள் மத்தியக் காவல்துறையில் பதிவு செய்தாக வேண்டும். குரிடிபாவில் அந்த அலுவலகம் சாண்டா காண்டிடா பகுதியில் இருக்கிறது. முன்பதிவு இணையத்தில்தான், நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், வந்த வாரமே முன்பதிவு செய்துவிட வேண்டும். அட்டைக்கான கட்டணம் 204.77 ரியல். கெடுவைத் தவறவிட்டால் அபராதம். பதிவு முடிந்ததும் ஒரு ரசீது தருவார்கள். அட்டை பின்னால் வரும். சட்டப்படி அந்த ரசீதே போதும். ஆனால் டிஜிட்டல் வங்கிகளின் செயலி அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுக்கச் சொல்வதால், பெரும்பாலும் அட்டை வரும்வரை காத்திருக்க நேரும். அந்த இடைக்காலத்துக்கு, அந்நியச் செலாவணிக் கட்டணம் குறைவான ஒரு சர்வதேச அட்டை போதும். கடை இயந்திரம் 'ரூபாயிலா, ரியலிலா' என்று கேட்டால் எப்போதும் ரியல்தான். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்ததே மாற்று விகிதம்.

பிக்ஸ்

யூபிஐ பழகியவர்களுக்குப் பிக்ஸைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய இந்த முறையில் சி.பி.எஃப். எண், செல்போன் எண், மின்னஞ்சல் என்று எதை வேண்டுமானாலும் முகவரியாக வைத்துக்கொள்ளலாம். சந்தைக் காய்கறிக்காரர் முதல் வீட்டு உரிமையாளர் வரை எல்லோரும் அதில்தான் வாங்குகிறார்கள். பிக்ஸில் கொடுத்தால் ஐந்து முதல் பத்து சதவீதம் தள்ளுபடி தரும் கடைகள் ஏராளம்.

இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை தனிநபர் பரிமாற்றத்துக்கு 1,000 ரியல் என்ற வரம்பு இயல்பாகவே இருக்கும். கத்திமுனையில் செல்போனைப் பிடுங்கிப் பணத்தை மாற்றச் சொல்லும் குற்றங்கள் பெருகியதால் 2021இல் வந்த ஏற்பாடு அது. அதை உயர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். முடிந்தால் இன்னும் குறைத்து வையுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், வங்கிச் செயலியிலேயே திரும்பப் பெறும் கோரிக்கை வைக்கலாம். அதற்கு 80 நாள் கெடு உண்டு என்றாலும், முதல் ஒரு மணி நேரத்தில் செய்தால்தான் எதிர்க் கணக்கில் பணம் மிச்சம் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து சம்பளத்தைக் கொண்டுவரும்போது 0.38 சதவீதம் பரிமாற்ற வரி பிடிப்பார்கள். அது பெரிய தொகை இல்லை. இந்தியக் கணக்கில் சம்பளம் விழுந்து அங்கிருந்து அனுப்புவதானால், நிதியாண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு இந்திய வங்கி 20 சதவீதம் முன்வரி பிடித்து வைக்கும். பிறகு வரிக்கணக்கில் திரும்பக் கிடைத்தாலும், கையிருப்பு பல மாதம் முடங்கும்.

வாடகை: எங்கே மிச்சம், எங்கே பொறி

விளம்பரத்தில் வாடகை 1,700 என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் கொண்டொமினியு 520, ஐபிடியு 75 என்று இருக்கும். முதலாவது குடியிருப்புப் பராமரிப்பு, இரண்டாவது நகராட்சி வீட்டுவரி. ஆக உண்மையான வாடகை 2,295. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இருபத்து நான்கு மணி நேரக் காவலாளி எல்லாம் உள்ள புதிய கட்டடங்களில் பராமரிப்பு மட்டுமே ஆயிரத்தை எட்டும். மின்தூக்கி இல்லாத நான்கு மாடிப் பழைய கட்டடத்தில் 300க்குள் அடங்கும். படியேறத் தயாராக இருப்பவருக்கு இதைவிடச் சுலபமான சேமிப்பு இந்த ஊரில் இல்லை.

பராமரிப்புத் தொகையில் எல்லாமே வாடகைதாரர் தலையில் விழக் கூடாது. 1991ஆம் ஆண்டின் 8,245ஆம் எண் வாடகைச் சட்டம் இதைப் பிரித்தே சொல்கிறது. காவலாளி சம்பளம், துப்புரவு, பொது இடத்து மின்சாரம் போன்ற அன்றாடச் செலவு வாடகைதாரருடையது. கட்டடச் சீரமைப்பு, வெளிச்சுவர் வண்ணம், சேமநிதி ஆகியவை உரிமையாளருடையவை. மாதா மாதம் வரும் ரசீதில் 'ஃபுண்டோ டி ரெசர்வா' என்ற வரி இருந்தால் அது சேமநிதி. கேட்டால் கழித்துக்கொடுப்பார்கள். கேட்காதவரை யாரும் தானாகச் சொல்வதில்லை.

உத்தரவாதம்தான் வெளிநாட்டவருக்குப் பெரிய தடை. வழக்கமாகக் கேட்பது ஃபியதோர், அதாவது அதே ஊரில் சொந்த வீடு உள்ள ஒருவரின் ஜாமீன். புதிதாக வந்தவருக்கு அதற்கு எங்கே போவது? அடுத்த வழி உத்தரவாதக் காப்பீடு. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மாத வாடகை பிரீமியமாகப் போகும், திரும்ப வராது. மூன்றாவது கவுசாவ், நம் ஊர் அட்வான்ஸ். சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதையும் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், வட்டி வாடகைதாரருக்கே சேரும். சென்னையிலும் பெங்களூரிலும் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பரவசமாக இருக்கும். ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு உத்தரவாதம் கேட்பது குற்றம் என்றே சட்டம் சொல்கிறது. உத்தரவாதம் கொடுத்துவிட்டால் வாடகையை முன்கூட்டியே கேட்கவும் முடியாது. மாதம் முடிந்த பிறகுதான் தர வேண்டும்.

குயின்டோ அண்டார் போன்ற தளங்கள் ஜாமீன்தாரர் இல்லாமல் வீடு தருகின்றன. ஆனால் பிரேசிலில் வருமானச் சுவடு இல்லாத புதிய சி.பி.எஃப். எண்ணை அவற்றின் கடன் தகுதிச் சோதனை எளிதில் ஏற்காது. வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் காட்டச் சொல்வார்கள். வெளிநாட்டுச் சம்பள ரசீது அங்கே செல்லுபடியாகுமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். எனவே முதல் வீட்டுக்கு, உரிமையாளர் நேரடியாகக் கொடுக்கும் வீடுகளைத் தேடி, ஆறு மாத வங்கிக் கணக்கு நகலோடு மூன்று மாதக் கவுசாவ் தருவதாகச் சொல்வதே பெரும்பாலும் பலிக்கும். ஓஎல்எக்ஸில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு, மோசடிகளும் உண்டு. சந்தை விலையைவிட முப்பது சதவீதம் குறைவு, உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புவார், இடம் பிடிக்க இப்போதே பிக்ஸில் 500 ரியல் போடுங்கள் என்று வந்தால் அது மோசடி. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரியல்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்தம் பெரும்பாலும் 30 மாதத்துக்குப் போடுவார்கள். ஓராண்டுதான் இருப்பேன், இது எப்படிப் பொருந்தும் என்று பயப்பட வேண்டாம். முன்கூட்டியே காலி செய்தால் அபராதம் மிச்சக் காலத்தின் விகிதத்தில் குறைய வேண்டும். அபராதம் மூன்று மாத வாடகை என்று எழுதியிருந்து, பத்தாவது மாதம் முடிந்து கிளம்பினால், மூன்றில் முப்பதுக்கு இருபது பங்கு, அதாவது இரண்டு மாத வாடகை. பன்னிரண்டு மாதம் முடிந்தால் அபராதம் இல்லை என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் பலரும் ஒப்புக்கொள்வார்கள்.

அப்படியானால் எத்தனை மாதம் தங்கினால் இதெல்லாம் கட்டுப்படியாகும்? இங்கே வாடகை வீடு என்றால் நான்கு சுவர்தான். அடுப்பு, ஃபிரிட்ஜ், சில சமயம் விளக்குகள்கூட இருக்காது. பழைய பொருளாகவே வாங்கினாலும் ஃபிரிட்ஜ், அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், மெத்தை, மேசை, நாற்காலி எல்லாம் சேர்த்து 3,500 ரியல் ஆகும். போகும்போது பாதி விலைக்கு விற்கலாம் என்று கொண்டால் நிகரச் செலவு 1,750. ஏர்பிஎன்பி 4,200, உள்ளூர் வீடு 2,500 என்றால் மாதம் 1,700 மிச்சம். மூன்றே மாதத்தில் கிளம்பினால் அபராதத்தையும் சேர்த்து 1,200 ரியலுக்கு மேல் நட்டம். நான்கு மாதத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ஆறு மாதத்தில் 4,000 ரியலுக்கு மேல் லாபம், பத்து மாதத்தில் 11,000ஐத் தாண்டிவிடும். மூன்று மாதம் வரை மட்டும் தங்குபவர்கள் 90 நாள் வரையிலான குறுகிய கால ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். சாமான்களோடு கிடைக்கும், ஆனால் வாடகை முழுவதையும் முன்பணமாகக் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு.

கையெழுத்துப் போடும் முன் வீட்டின் நிலை அறிக்கை ஒன்று தருவார்கள். சுவர்க் கீறல், உடைந்த ஓடு, கறை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, விடுபட்டதை எழுத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். கவுசாவ் திரும்புவதும் திரும்பாததும் இதில்தான் இருக்கிறது. சாவி வாங்கிய அன்றே மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் பெயரில் வரும் மின்கட்டண ரசீதுதான் முகவரிச் சான்று. வங்கி, சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

குளிரும் மின்சாரமும்

குரிடிபா கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய பெங்களூரின் உயரத்தில் இருக்கிறது. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தெற்கே. ஜூன், ஜூலை இரவுகளில் ஐந்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். 2013இல் பனியே பொழிந்தது. வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. அதனால் வீடு பார்க்கும்போது வடக்குப் பார்த்த சன்னலைத் தேட வேண்டும். தென்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானில்தான் போகும். விளம்பரங்களில் 'ஃபாசி நோர்ச்சி' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இதில் சண்டை இல்லை. தெற்குப் பார்த்த வீடு 200 ரியல் குறைவாகக் கிடைக்கும். அலமாரித் துணிகளில் பூஞ்சை பூத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கி, அந்த மிச்சம் கரைந்துவிடும்.

வெந்நீர் குழாயின் வாயிலேயே சூடாகிறது. ஷவர் தலைக்குள் மின்கம்பிச் சுருள் இருக்கும், 5,500 வாட் என்பது பொதுவான அளவு. ஊர் மின்னழுத்தம் 127 வோல்ட். அந்த அழுத்தத்தில் 5,500 வாட் என்றால் 43 ஆம்பியர். பழைய வீட்டின் 32 ஆம்பியர் பிரேக்கர் தாங்காது. அதனால்தான் பல வீடுகளில் ஷவருக்கு மட்டும் இரண்டு ஃபேஸ் இழுத்து 220 வோல்ட் தருகிறார்கள். அப்போது 25 ஆம்பியர்தான். புதிய ஷவர் வாங்கும் முன் அந்தக் கம்பியில் வருவது எது என்று அளந்து பார்க்க வேண்டும். 127 வோல்ட் ஷவரை 220இல் மாட்டினால் உடனே கருகும். 220 வோல்ட் ஷவரை 127இல் மாட்டினால் மூன்றில் ஒரு பங்கு சூடுதான் வரும். கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர். குளிர் நாளில் சூடு போதவில்லை என்றால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துத் திறக்க வேண்டும்.

ஊரிலிருந்து மிக்சி தூக்கி வருபவர்களுக்கும் இதே கணக்குதான். 230 வோல்ட் மிக்சி 127இல் சோம்பேறியாகச் சுற்றும், சட்னிகூட அரைபடாது. அமெரிக்காவுக்கென்று விற்கும் 110 வோல்ட் மாதிரியை வாங்கி வரலாம். இல்லாவிட்டால் சமையலறையில் 220 வோல்ட் பாயின்ட் ஒன்று போடச் சொல்லலாம். நம் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது. இரண்டு மெல்லிய உருண்டை முள் உள்ள சார்ஜர்கள் அப்படியே பொருந்தும்.

மின்கட்டணத்தில் நிறக்கொடி முறை உண்டு. அணைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் பச்சை, கூடுதல் கட்டணம் இல்லை. வறட்சியில் மஞ்சள், பிறகு சிவப்பு. சிவப்பின் இரண்டாம் நிலையில் 100 யூனிட்டுக்கு 7.87 ரியல் கூடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கட்டணத்தை ஏற்றுவது ஷவர்தான். தினம் பதினைந்து நிமிடம் குளித்தால் மாதம் 41 யூனிட் அதற்கு மட்டுமே.

அடுப்படி

ஊருக்குப் புதியவர் மதியச் சாப்பாட்டுக்குக் 'கிலோ சாப்பாடு' கடைக்குள் நுழைவார். தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் உணவகம் அது. கிலோ 60 முதல் 90 ரியல் வரை. சோறும் பீன்ஸ் குழம்பும் கனமானவை. இறைச்சிக்கும் அவற்றுக்கும் அங்கே ஒரே விலை. சோறு நிறையச் சாப்பிடும் நமக்கு இது நட்டக் கணக்கு. 'பிராட்டோ ஃபெய்ட்டோ' என்று கேட்டால் சோறு, பீன்ஸ், சாலட், ஒரு பொரித்த கறி அல்லது முட்டை சேர்ந்த நிறைதட்டு 20 முதல் 30 ரியலுக்குக் கிடைக்கும். சைவர்கள் பீன்ஸ் குழம்பைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். அதில் பன்றிக்கறித் துண்டு போட்டுத்தான் பெரும்பாலும் தாளிப்பார்கள், வெளியே தெரியாது.

வீட்டுச் சமையலுக்கு இந்த ஊர் நல்ல ஊர். 'பார்போயிலிசாடோ' என்று பை மேல் எழுதியிருப்பது புழுங்கலரிசி; ஐந்து கிலோ மூட்டையாக எல்லாக் கடையிலும் உண்டு, இட்லிக்கு ஓரளவு ஒத்துவரும். தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பின் தோலுள்ள வகை, உடைத்த பட்டாணி எல்லாம் சாதாரணம். துவரை முழுப் பயறாகச் சில கடைகளில் 'குவாண்டு' என்ற பெயரில் கிடைக்கும், உடைத்த பருப்பாகக் கிடைப்பது அரிது. சாம்பாரை உடைத்த பட்டாணியில் வைத்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். வெண்டை, சௌசௌ, பரங்கி, மரவள்ளி, கீரை வகைகள் தாராளம். மஞ்சள், சீரகம், புளி மெர்காடோ முனிசிபாலில், அதாவது நகராட்சிச் சந்தையில், கிடைக்கும். உளுத்தம்பருப்பையும் காய்ந்த கறிவேப்பிலையையும் ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

காய்கறியை சூப்பர்மார்க்கெட்டில் வாங்கக் கூடாது. நகராட்சி நடத்தும் 'சகோலாவ் ட ஃபமிலியா' கடைகளில் பல வகைக் காய், பழங்களுக்கு ஒரே கிலோ விலை. அங்கே உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வாங்காமல் வெளியில் விலை கூடிய காய், பழங்களை எடுப்பவர்கள்தான் விவரமானவர்கள். தெருச் சந்தையின் கடைசி ஒரு மணி நேரத்தில் விலை சரசரவென இறங்கும். அரிசி, எண்ணெய், சோப்புக்கு மொத்த விற்பனைக் கிடங்குகள். அங்கே விலை அட்டையில் இரண்டு விலை இருக்கும்: ஒன்று வாங்கினால் ஒன்று, மூன்றோ ஆறோ வாங்கினால் இன்னொன்று. பணம் கட்டும் இடத்தில் 'ரசீதில் சி.பி.எஃப். போடவா?' என்று கேட்பார்கள். போடச் சொல்ல வேண்டும். பரானா மாநிலம் 2015 முதல் விற்பனை வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. பதிவு செய்துகொண்டால் வங்கிக் கணக்குக்கே வரும். பெரிய தொகை இல்லை என்றாலும் விடுவானேன்.

மாதக் கணக்கு இப்படி நிற்கும்: வீட்டுக்கு 2,300 முதல் 2,600, மின்சாரம் 150, ஃபைபர் இணையம் 100, செல்போன் 50, மளிகையும் காய்கறியும் 900 முதல் 1,200, வெளிச் சாப்பாடு 400, பேருந்து 200, இதர செலவு 500. ஆக 4,600 முதல் 5,200 ரியல், ரூபாயில் 74,000 முதல் 83,000. பிரேசிலில் 2025ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,518 ரியல் என்பதையும் நினைவில் வைத்தால், 'மலிவு' என்ற சொல்லைக் கொஞ்சம் அடக்கியே பயன்படுத்தத் தோன்றும்.

மருத்துவத்துக்கு அரசு சுகாதார அமைப்பான சூஸ் உண்டு. வெளிநாட்டவர் உட்பட நாட்டில் இருக்கும் எவருக்கும் இலவசம். முகவரிச் சான்றோடு பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் போதும். அவசரத்துக்கு 192. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகள் மருந்துச் சீட்டு காட்டினால் 'ஃபார்மாசியா பொபுலார்' பலகை வைத்த கடைகளில் இலவசம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தனியார் காப்பீடு எடுத்தாலும் பழைய நோய்களுக்கு 24 மாதம் வரை காத்திருப்புக் காலம் போடுவார்கள்.

ஏழாவது மாதம்

இந்தக் கணக்குகளையெல்லாம் குலைப்பது வருமான வரி. பன்னிரண்டு மாத காலத்துக்குள் 183 நாளுக்கு மேல் பிரேசிலில் இருந்தால், விட்டுவிட்டு இருந்தாலும், வரிக்கணக்கில் நீங்கள் அந்நாட்டுவாசி. அதன் பிறகு உலகில் எங்கே சம்பாதித்தாலும் பிரேசிலுக்கு வரி உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சம்பளத்துக்கு மாதா மாதம் நீங்களே கணக்கிட்டு, அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். 2026 முதல் மாதம் 5,000 ரியல் வரை வரி இல்லை. 7,350 வரை சலுகை படிப்படியாகக் குறையும். அதற்கு மேல் வழக்கமான விகிதம், உச்சம் 27.5 சதவீதம். விசாவுக்குக் குறைந்தபட்சம் காட்டும் 1,500 டாலர், அதாவது சுமார் 8,000 ரியல் வாங்குபவருக்கே மாதம் 1,100 முதல் 1,300 ரியல் வரி வரும். வீட்டு வாடகையில் சேமித்ததில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். இந்தியாவுக்கும் பிரேசிலுக்கும் 1988இல் கையெழுத்தான இரட்டை வரி உடன்படிக்கை இருப்பதால், இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதற்கு இந்திய வரி கட்டிய ரசீது வேண்டும். ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவதா, வரி கட்டி இரண்டு ஆண்டு இருப்பதா என்பதை விசா வாங்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். எட்டாவது மாதம் யோசிப்பவர்களுக்கு அபராதமும் வட்டியும் சேர்ந்துவிடும்.

கிளம்பும்போது உரிமையாளருக்கு 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டு நிலை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கவுசாவ் வட்டியோடு திரும்பும்வரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம். மின் இணைப்பை மறக்காமல் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவரின் ஷவருக்கும் ரசீது உங்கள் சி.பி.எஃப். மீதே வரும். வரிவாசியாக ஆனவர்கள் நாட்டை விட்டுப் போகும் நாளிலிருந்து அடுத்த ஆண்டு பிப்ரவரிக் கடைசிக்குள் 'நிரந்தர வெளியேற்ற' அறிவிப்பை வரித்துறைத் தளத்தில் பதிந்து, பிறகு வெளியேற்ற வரிக்கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்யாதவரை, ஊர் திரும்பிய பிறகும் பன்னிரண்டு மாதத்துக்கு அவர்கள் ஏட்டில் நீங்கள் பிரேசில்வாசிதான்.